கலத்துள் கலம்: திருகோணமலைக் கடற்றொழிலாளரும் உப்பின் ஈரமும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் கோட்டையின் மேல் நின்று எழுதப்பட்ட வரலாறாகும். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அரணமைத்தமை, 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியமை, 1782இல் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் ஒருவர் பின் ஒருவராக அதனைக் கொண்டமை, 1795இல் அது மீண்டும் பிரித்தானியர் வசமானமை, 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியமை, 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்தமை என அவ்வரலாறு தொடர்கின்றது. துறையின் ஆழமும் பீரங்கியின் தொகையும் அதிற் கணக்கிடப்பட்டன. அதே நீர்ப்பரப்பில் வள்ளத்திலும் தோணியிலும் உழைத்தோர் எதனை உண்டனர், உண்பதற்குக் கொண்டுசென்ற உப்பையும் தூளையும் எங்ஙனம் ஈரம்படாது காத்தனர் என்ற வினா அங்கு எழவேயில்லை.

இவ்வினா அற்பமானதாகத் தோன்றலாம். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே கருதினோம். சில ஆண்டுகளுக்கு முன் மூதூர்ப் பகுதிக்கு அம்பாப் பாடல்களைத் தேடிச் சென்றிருந்தோம். கரையில் மதிய உணவு பகிரப்பட்டவேளை எம்மிலொருவர் கடல்நீரிற் கை கழுவிவிட்டு உப்புப் போத்தலுள் விரலை இட முற்பட்டார். அங்கிருந்த முதியவர் அவரது மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தார். “தம்பிமார், பாட்டைப் பிறகு பாப்பம், ஈரக் கையை உப்புக்குள்ள விடாதைங்க. கடல் தண்ணி பட்ட உப்பு பிறகு காயாது” என்றார். வழக்கிலுள்ள ஒரு நம்பிக்கை என அதனை அன்று நாம் குறித்துக்கொண்டோம். அது நம்பிக்கையன்று, இரசாயனவியலால் முற்றாக நிறுவத்தக்க அறிவு என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அவ்வறிவின் அடித்தளத்தை விளக்குவதும், உப்புக் கசிவதால் ஏற்படும் இழப்பை யார் சுமக்கின்றனர் என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

தமிழிற் ‘கலம்’ என்னும் ஒரே சொல் கடலிற் செல்லும் மரக்கலத்தையும் பண்டமிடும் மட்கலத்தையும் குறிக்கும். நீரை வெளியே நிறுத்தி உள்ளிருப்பதைக் காப்பதே இரண்டின் தொழிலுமாகும். கலத்துள் வைக்கப்பட்ட கலமே நமது ஆய்வுப் பொருள்.

1. இலக்கியத்திற் கரையும் உப்பு

நெய்தல் நிலத்தின் உற்பத்திப் பொருள்களுள் உப்பு முதன்மையானது என்பதற்குச் சங்க இலக்கியம் சான்றாகும். உப்பை உள்நாட்டுக்கு வண்டிகளிற் கொண்டுசென்ற உமணர் அங்குப் பலவிடங்களிற் காட்சி தருகின்றனர். பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், உப்பை விற்று நெல்லுடன் திரும்பிய படகுகள் துறையிற் கட்டப்பட்டிருந்த காட்சியைக் காட்டுகின்றார். உப்பு நீர்வழியேயும் சென்றது என்பதும், நெல்லுக்கும் உப்புக்கும் நேரடிப் பண்டமாற்று நிகழ்ந்தது என்பதும் இதனாற் பெறப்படும்.

குறுந்தொகையிற் பரணர் பாடிய செய்யுளொன்றில், பெருமழையில் அகப்பட்டு அழிந்துபோகும் உப்பு வண்டி உவமையாகின்றது. அகத்துறைச் செய்யுளுக்கு இவ்வுவமை அழகு சேர்க்கின்றது என்று கூறி அமைவது நமது உரைமரபு. அவ்வுவமை கேட்போர் நெஞ்சிற் பட்டதன் காரணம் என்ன என்று வினவுதல் வேண்டும். வண்டியொன்றின் உப்பு கரைந்தால் ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்புக் கரைந்தது என்பதை அக்காலக் கேட்போர் அறிந்திருந்தனர். உவமையின் வலிமை அப்பொருளியல் உண்மையிலிருந்தே பிறக்கின்றது. உப்பு விற்கப் போனால் மழை பெய்கின்றது, மா விற்கப் போனால் காற்றடிக்கின்றது என்னும் பழமொழியும் இதே அனுபவத்தின் நாட்டார் வடிவமாகும்.

திருகோணமலை மாவட்டத்தின் இடப்பெயர்களும் இங்கு மனங்கொளத்தக்கன. நகருக்கு வடக்கே உப்புவெளி. கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் இடைப்பட்ட வழியில் உப்பாறு. வடக்கே நிலாவெளியில் உப்பளம் உண்டு. உப்பு இம்மாவட்டத்திற்கு வெளியிலிருந்து வந்த பண்டமன்று. இங்கேயே விளையும் பண்டம். விளையுமிடத்திலும் அதனை உலர்வாக வைத்திருப்பது அரிதாயிருந்தது ஏன் என்பதை அடுத்து நோக்குவோம்.

2. உப்பு ஏன் கசிகின்றது?

கடல்நீர் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அவற்றுள் நாம் உண்ணும் சோடியங்குளோரைட்டு ஏறத்தாழ 27 கிராம். எஞ்சியவற்றிற் பெரும்பகுதி மகனீசியத்தின் உப்புக்களாகும். சிறுபகுதி கல்சியஞ்சல்பேற்று முதலியன. நம் பொருளுக்கு இன்றியமையாத வேறுபாடு சோடியங்குளோரைட்டுக்கும் மகனீசியங்குளோரைட்டுக்கும் இடையிலேயே உள்ளது.

வளியில் உள்ள நீராவியின் அளவை, அவ்வெப்பநிலையில் அது தாங்கக்கூடிய உச்ச அளவின் நூற்றுவீதமாகக் கூறுவது சாரீரப்பதன் எனப்படும். தூய சோடியங்குளோரைட்டு, சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போதே வளியின் ஈரத்தை ஈர்த்துத் தானே கரையத் தொடங்கும். அதற்குக் கீழ் உலர்வாகவே இருக்கும். மகனீசியங்குளோரைட்டோ 33 சதவீதத்திலேயே இவ்வாறு கரையத் தொடங்கிவிடும். இலங்கையின் கரையோரத்தில் வளியின் ஈரம் 33 சதவீதத்திற்குக் கீழ் இறங்குவது வழமையன்று. எனவே மகனீசியம் கலந்த உப்பு, மூடாது வைக்கப்படின், ஆண்டு முழுவதும் ஓரளவு கசிந்துகொண்டேயிருக்கும். நாம் ‘உப்பு நீர்விடுகின்றது’ என்று கூறும்போது, நீர்விடுவது பெரும்பாலும் உப்பன்று. உப்புடன் ஒட்டிவந்த மகனீசியமே.

முதியவரின் கூற்று இப்போது தெளிவாகின்றது. ஈரக் கையிலிருப்பது நன்னீராயின் அது காலப்போக்கில் ஆவியாகிவிடலாம். கடல்நீராயின் நீர் போனபின்னும் மகனீசியம் எஞ்சி நிற்கும். எத்துணைத் தூய உப்பாயினும் கடல்நீர் தெளிக்கப்பட்ட அக்கணமே அது கசியும் உப்பாக மாறிவிடுகின்றது. கடல் தண்ணீர் பட்ட உப்பு பிறகு காயாது என்பதன் பொருள் இதுவே.

தூய உப்புக்கும் கடலில் இடருண்டு. கடல்மேல் வளியின் ஈரம் 75 சதவீதம் என்ற அவ்வெல்லைக் கோட்டை அண்மியே பெரும்பாலும் நிற்கும். பகலிற் சில வேளை அதற்குக் கீழும் இரவில் அதற்கு மேலும் அமையும். இரவில் உப்புமணியின் மேற்பரப்பு மெல்லக் கரைகின்றது. பகலில் அக்கரைசல் மீண்டும் பளிங்காகின்றது. அவ்வாறு பளிங்காகும்போது அடுத்தடுத்த மணிகளுக்கிடையே பாலம் அமைந்துவிடுகின்றது. சில நாள்களில் உப்பு முழுதும் ஒரே கட்டியாகின்றது. உப்புக் கட்டியாவதற்குக் காரணம் ஈரம் மட்டுமன்று. ஈரமும் உலர்வும் மாறிமாறி வருதலே என்பது கவனிக்கத்தக்கது.

3. உப்பளமும் உழைப்பும்

ஆகவே உப்பின் உலர்வு வள்ளத்திலன்றி உப்பளத்திலேயே தொடங்குகின்றது. பாத்தியிற் கடல்நீர் வற்றும்போது முதலிற் கல்சியஞ்சல்பேற்றுப் படிகின்றது, பின்னர் சோடியங்குளோரைட்டு, மகனீசியத்தின் உப்புக்கள் இறுதிவரை நீரிலேயே நிற்கின்றன. கசப்பான அவ்வெச்சநீரை உரிய வேளையில் வடித்தகற்றினால் உப்புத் தூயதாகும். அவசரத்தில் வடிக்காது விட்டாலும், அளவு கடந்து வற்றவிட்டாலும் மகனீசியம் மணிகளில் ஒட்டிக்கொள்ளும். வாரிய உப்பைக் குவித்துச் சில மாதம் வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு: மகனீசியம் வளியின் ஈரத்தை ஈர்த்துத் தானே கரைந்து குவியலின் அடியால் வடிந்துவிட, எஞ்சிய உப்புத் தூய்மை பெறுகின்றது. பழைய உப்புப் புதிய உப்பினும் குறைவாகவே கசியும்.

திருகோணமலையில் இத்தொழிலின் காலத்தைக் காற்றே வகுக்கின்றது. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைச் சொரிந்து, வறண்ட வெப்பக் காற்றாகக் கீழ்க்கரையை அடைகின்றது. கீழ் மாகாண வழக்கில் அது கச்சான். கச்சான் வீசும் மாதங்களில் உப்பு விளையும், கடலும் அமைதியாயிருக்கும். ஒக்டோபர் முதல் சனவரி வரையிலான வாடைக்காலத்தில் மாவட்டத்தின் ஆண்டு மழையில் அரைவாசிக்கு மேல் பெய்துவிடும். 1660இல் கொட்டியாரக் குடாவிற் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில், கீழ்க்காற்றில் உட்புகும் கடல்நீர் மேல்காற்றுக் காலத்தில் உப்பாகும் முறையைத் தென்கீழ்க் கரையின் லேவாய்களைக் குறித்து எழுதியுள்ளார். மூன்றரை நூற்றாண்டாக இயற்கையின் விதி மாறவில்லை.

மாறியவை உடைமை உறவுகளே. ஒல்லாந்தர் கரையோரத்தை ஆண்டபோது உப்பைத் தடுத்தல் கண்டியரசுக்கு எதிரான ஓர் ஆயுதமாயிற்று. பிரித்தானியர் அதனை அரச ஏகபோகமாக்கினர். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்வின் கடமைகளுள் உப்பு வாரலை மேற்பார்வை செய்தலும் ஒன்று. பாக்கு நீரிணைக்கு அப்பால் 1930 ஏப்பிரலில் இராசகோபாலாச்சாரியார் தலைமையில் வேதாரணியத்திற் சட்டத்தை மீறி அள்ளப்பட்டதும் இதே உப்புத்தான். கடலோரத்தில் வாழ்பவன் தன் காலடியில் விளையும் உப்பை விலைகொடுத்து வாங்கவேண்டிய நிலை ஏகபோகத்தினால் உருவாயிற்று.

இங்குப் பெறுமானம் பற்றிய ஒரு வினா எழுகின்றது. உப்பு நிறையால் விற்கப்படும் பண்டம், ஈரத்திற்கும் நிறையுண்டு. 50 கிலோகிராம் மூடையொன்றில் ஈரம் 5 சதவீதமாயின் வாங்குவோன் இரண்டரைக் கிலோகிராம் நீருக்கும் விலைகொடுக்கின்றான். அவ்வீரத்தை ஈர்த்துவைக்கும் மகனீசியமோ மலிவான உப்பிலேயே மிகுதி. வசதியுள்ளவன் மேசையிற் சுத்திகரித்த உப்பு மணல்போல் உதிர, வறியவன் சிரட்டையில் உப்புக் கசிந்து நிற்பது இயற்கையின் வேறுபாடன்று. வாங்கும் சக்தியின் வேறுபாடாகும்.

4. வள்ளத்தில் உப்புக் கலம்

மலிவான உப்பை ஈரமான கடலுக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்த உழைப்பாளர், தம்மிடமிருந்த எளிய பொருள்களைக்கொண்டே வழி கண்டனர்.

முதலாவது, கலத்தின் தெரிவு. மெருகிடாத மட்பானை உப்புக்கு ஏற்றதன்று. கசிந்த உப்புநீர் பானையின் நுண்துளைகளுட் புகுந்து வெளிப்புறத்திற் பளிங்காகும். பானை ‘பூத்து’ உதிரும். மெருகிட்ட சாடி இக்குறையற்றது. தகரப்பேணியை உப்பு அரித்துவிடும். பின்னர் வந்த கண்ணாடிப் போத்தலும், இன்றைய இறுகிய மூடியுள்ள பிளாத்திக்குக் கலனும் அரிப்புக்கும் கசிவுக்கும் ஒருங்கே ஈடுகொடுப்பன.

இரண்டாவது, கலத்தை வைக்கும் இடம். வள்ளத்தின் அடியில் எப்போதும் நீர் நிற்கும். அதனால் உப்புக் கலம் தொங்கவிடப்பட்டது. வீட்டிற் போன்றே வள்ளத்திலும் உறி பயன்பட்டது. எகிப்தின் செங்கடற் கரையிலுள்ள குசேர் அல்-கதீமில் கண்டெடுக்கப்பட்ட சாடித் துண்டொன்றில் தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் உள்ளன. ஐராவதம் மகாதேவன் அவற்றை, உறியிலிட்ட பானை என்று பொருள்படும்படி வாசித்து, கி.மு. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தனவாகக் கொண்டார். அப்பானையில் என்ன இருந்தது என்பதன்று நமக்கு முதன்மை. அயல்நாட்டுத் துறையிற் கிடைத்த தமிழ் எழுத்துக்கள் மன்னனின் புகழையன்றிப் பானையையும் உறியையும் பேசுவதே முதன்மை. கடலோடியின் அன்றாடத் தேவை அங்கு எழுத்துருப் பெற்றுள்ளது.

மூன்றாவது, வெப்பம். உறியை அடுப்புக்கு மேலோ அருகிலோ தொங்கவிடும் வழக்கம் ஆழ்ந்த பொருளுடையது. 28 பாகை வெப்பமும் 85 சதவீத ஈரமுமுள்ள வளியை, நீராவியைக் கூட்டாமலும் குறைக்காமலும் 33 பாகைக்குச் சூடாக்கினால், அதன் சாரீரப்பதன் ஏறத்தாழ 64 சதவீதமாக இறங்கும். உப்பின் எல்லைக்கோடு 75 என்பதை முன்னரே கண்டோம். ஐந்து பாகை வெப்பம் உப்பைக் கரையும் நிலையிலிருந்து உலரும் நிலைக்கு மாற்றிவிடுகின்றது. இன்றைய படகில் எந்திர அறையை ஒட்டிய தட்டில் உப்பை வைப்பதும் இதே நியாயம் பற்றியதே.

நான்காவது, கையாளும் முறை. கலத்தைத் திறப்பதே கேடு என்று பலர் எண்ணுவர். கணக்கு வேறு உண்மையைக் காட்டுகின்றது. 30 பாகையில் 80 சதவீத ஈரமுள்ள வளி ஒரு லீற்றரில் ஏறத்தாழ 24 மில்லிகிராம் நீராவியே உண்டு. ஒரு துளி நீரோ ஏறத்தாழ 50 மில்லிகிராம். கலத்தை ஒருமுறை திறந்து மூடுவதிலும் ஈர அகப்பையின் ஒரு துளி இருமடங்கு தீங்கானது. அத்துளி கடல்நீராயின் தீங்கு நிலையானது. எல்லாவற்றிலும் கொடியது இறுகாத மூடி. அது இரவும் பகலும் இடையறாது ஈரத்தை உள்ளே விடும். ஆதலால் பெருங்கலத்தை இறுக மூடி வைத்து, அன்றாடத் தேவைக்குச் சிறு கலமொன்றில் உப்பைப் பிரித்தெடுக்கும் வழக்கம் அறிவுடைமையாகும். அச்சிறு கலம் ஈரப்பட்டாலும் இழப்பு அதனோடு நின்றுவிடும்.

ஐந்தாவது, உப்பினுள் வறுத்த அரிசியை இடுதல். வறுக்காத அரிசி தன்னகத்தே ஏற்கெனவே ஈரத்தைக் கொண்டது. அது செய்யக்கூடியது சிறிதே. வறுத்து ஈரத்தைப் போக்கிய அரிசி, நூறு கிராமுக்குப் பத்துக் கிராமளவு நீரை ஏற்கவல்லது. ஏற்றபின் அதனை மீண்டும் வறுத்தாலன்றிப் பயனில்லை. அரிசி இருக்கின்றதே என்று வாளாவிருப்பதால் உப்புக் காயாது.

இவையனைத்தும் ஈரத்தை எதிர்த்து நிற்கும் முறைகள். இவற்றுக்கு நேர்மாறான முறையும் உண்டு. நீண்ட வாடைக்காலத்தில் உப்பை உலர்வாக வைக்கும் முயற்சியையே கைவிட்டு, அதனை நீரிற் கரைத்துப் போத்தலில் வைத்துக்கொள்வதே அது. ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 360 கிராம் உப்புக் கரையும். அதற்குமேல் இட்டது அடியில் தங்கும். அடியில் உப்புத் தங்கியிருக்கும்வரை கரைசலின் செறிவு மாறாது. எனவே கரண்டியளவு எப்போதும் ஒரே சுவை தரும். தமிழர், சிங்களவர் ஆகிய இரு சாராரின் சமையலறைகளிலும் உப்புநீர்க் கலம் அறிந்ததொன்றே. எதனை எதிரியெனக் கண்டோமோ அந்நீரையே சாதனமாக்கும் இம்முறை, நடைமுறையிற் பிறந்த இயங்கியல் எனலாம்.

5. சரக்குத் தூளும் புளியும்

உப்புக்கு ஈரத்தால் வருவது உருவ இழப்பு மட்டுமே. மிளகாய்த்தூளுக்கும் மல்லித்தூளுக்கும் வருவது அழுகல். ஈரம் ஏறிய தூளிற் பூஞ்சணம் பிடிக்கும். அவற்றுட் சில நச்சுப் பொருளையும் தோற்றுவிக்கும். மீள வறுத்தாலும் அந்நஞ்சு முற்றாக நீங்காது. எனவே கட்டியான உப்பை உடைத்துப் பயன்படுத்துவதுபோலப் பூஞ்சணம் பிடித்த தூளைப் பயன்படுத்துதல் தகாது; அதனை எறிதலே வேண்டும்.

முழுச் சரக்கு ஈரத்தைத் தாங்கும், தூள் தாங்காது. இடிக்கும்போது வளிபடும் பரப்புப் பன்மடங்காவதே காரணம். எகிப்தின் பெரெனிகேத் துறையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட இந்தியச் சாடியொன்றில் ஏழரைக் கிலோகிராம் மிளகு இருந்தது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் அது மிளகாகவே அடையாளங் காணத்தக்க நிலையில் நின்றது. வறண்ட பாலை நிலத்தின் துணையும் அதற்குண்டு. ஆயினும் அது தூளன்று, முழு மிளகு என்பதை மறத்தலாகாது.

வள்ளத்தில் அம்மி வைக்க இடமில்லை. எனவே மிளகாயையும் மல்லியையும் சீரகத்தையும் வெயிலில் உலர்த்தி, வறுத்து, இடித்துத் தூளாக்கிக் கொடுத்தனுப்புதல் கரையிலே பெண்களின் வேலையாயிற்று. வறுத்தல் மணத்திற்காக மட்டுமன்று. அது ஈரத்தைப் போக்கிப் பூஞ்சண வித்துக்களையும் பெரிதும் அழிக்கின்றது. வறுத்த தூளை முற்றாக ஆறவிட்டே அடைக்க வேண்டும். சூட்டுடன் அடைத்தால் அதன் ஆவியே மூடியின் உட்புறத்தில் நீராகிச் சொட்டும். ஒரு பயணம் முழுவதற்கும் உணவின் சுவையும் உடல்நலமும் தங்கியிருந்த இவ்வுழைப்புக்குக் கூலியில்லை. மீன்பிடிப் பொருளாதாரம் பற்றிய கணக்குகளில் வலையும் வள்ளமும் இடம்பெறுகின்றன. உரலும் உலக்கையும் இடம்பெறுவதில்லை.

பழப்புளியும் கொறுக்காய்ப்புளியும் வேறு வகையின. பழப்புளியை விதை நீக்கி உப்பிட்டுச் சாடியில் அமுக்கி வைத்தால், ஈரம் ஏறினும் அமிலமும் உப்பும் சேர்ந்து அதனைக் காக்கும். உலர்த்திய கொறுக்காயும் அவ்வாறே. இவற்றைச் சேர்த்து நீர் வற்றச் சமைத்த மீன், குளிரூட்டலின்றியே சில நாள் கெடாதிருக்கும். சரக்கைக் காக்க வேண்டியிருந்தோர், அச்சரக்கைக்கொண்டே உணவையும் காத்தனர்.

6. இழப்பு யாருடையது?

1980களின் பிற்பகுதி தொடக்கம் இலங்கையிற் பலநாட் படகுகள் பெருகின. ஒருநாட் கடலுக்குச் சென்ற மீனவன் உப்பை மறந்தாலும் இரவில் வீடு திரும்பினான். பலநாட் படகின் தொழிலாளர் வாரக்கணக்கிற் கடலில் நிற்கின்றனர். திருகோணமலையில் போர்க்காலக் கடல் தடைகள் 2009 வரை நீடித்ததனால், இம்மாவட்டத்தார் பலருக்கு நீண்ட பயணம் தந்தையரிடமிருந்து தொடர்ச்சியாகக் கற்ற தொழிலாக அமையவில்லை. உறியையும் அடுப்பையும் பற்றிய முந்திய தலைமுறையின் அறிவு இடையில் அறுபட்ட நிலையிலேயே அவர்கள் கடலுக்குச் செல்கின்றனர்.

இப்படகுகளின் பங்குமுறையில், எரிபொருள், பனிக்கட்டி, உணவுப்பொருள் ஆகியவற்றின் செலவு பொதுவாக மொத்த வருமானத்திலிருந்து முதலிற் கழிக்கப்படுகின்றது. எஞ்சியதே உடைமையாளருக்கும் தொழிலாளருக்குமிடையே பிரிக்கப்படுகின்றது. ஆகவே நீராகிப்போன உப்பிலும் பூஞ்சணம் பிடித்த தூளிலும் ஒரு பகுதியைத் தொழிலாளியும் தன் பங்கிலிருந்து செலுத்துகின்றான். அவற்றை வைப்பதற்கான இறுகிய பெட்டியோ உலர்ந்த தட்டோ படகின் அமைப்பைச் சார்ந்தது. அமைப்பைத் தீர்மானிப்பவன் உடைமையாளன். சேதத்தைத் தடுக்கும் அதிகாரம் ஒருவனிடமும் சேதத்தின் சுமை இன்னொருவனிடமும் இருப்பது, உப்புக் கலத்தளவிலும் காணக்கூடிய உற்பத்தி உறவாகும்.

உடல்நலமும் இதனுடன் பிணைந்தது. இலங்கையில் 1995 முதல் உண்ணும் உப்புக்கு அயடீன் சேர்த்தல் கட்டாயமாக்கப்பட்டது. உப்புக் கசியும்போது சேர்க்கப்பட்ட அயடேற்றும் அந்நீருடன் வடிந்து குறைகின்றது. ஈர உப்பை வடித்து எஞ்சியதை உண்பவன் கழலை நோய்த் தடுப்பையும் வடித்துவிடுகின்றான். மேலும், 2024 இறுதியிலும் 2025 முற்பகுதியிலும் மழையால் உப்பு உற்பத்தி குன்றி இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதியாகி விலையேறியதை நாம் அனைவரும் கண்டோம். கடலாற் சூழப்பட்ட தீவில் உப்புக்குத் தட்டுப்பாடு! உப்பு விற்கப் போனவனுக்கு மட்டுமன்றி உப்பு வாங்கப் போனவனுக்கும் மழை பெய்தது. கையிலுள்ள உப்பைச் சேதமின்றிக் காத்தல் இத்தகைய காலத்தில் சிக்கனமாக மட்டுமன்றித் தற்காப்பாகவும் அமைகின்றது.

முடிவாகச் சில கூறலாம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் கச்சான் காலத்தில் விளைந்து குவியலில் முதிர்ந்த உப்பை மொத்தமாகக் கொள்வனவு செய்து வைத்தல் இயலும்; அதனால் கசியும் புதிய உப்பைச் சில்லறையில் வாங்கும் தேவை குறையும். இறுகிய மூடியுள்ள பெருங்கலனும் சிறுகலனும் வலையையும் கயிற்றையும்போலப் படகின் உபகரணங்களாகக் கொள்ளப்பட்டு, உடைமையாளர் செலவில் வழங்கப்படல் வேண்டும். தூளை வறுத்து இடித்துத் தரும் பெண்களின் உழைப்புப் பயணச் செலவிற் கணக்கிடப்படல் வேண்டும். இவை பெருஞ்செலவான கோரிக்கைகளல்ல.

நம்மைப் போன்ற இலக்கிய மாணவருக்கும் இதிற் கடமையுண்டு. அம்பாவைப் பதிவு செய்தோம். அம்பா பாடியவன் உண்ட சோற்றைப் பதிவு செய்யவில்லை. உப்பு, கலம், உறி, காற்று ஆகியன பற்றிக் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் புல்மோட்டையிலும் முதியோர் வழங்கும் சொற்களை, அவை குறிக்கும் செய்முறையோடு சேர்த்துத் தொகுத்தல் உடனடியாக மேற்கொள்ளப்பட வேண்டிய பணியாகும். அன்று மூதூர்க் கரையில் எம் கையைப் பிடித்து நிறுத்தியவர் அம்பாவும் அறிந்திருந்தார். உணவு முடிந்தபின் பாடியும் காட்டினார். ஆனால் அவர் எமக்கு முதலிற் கற்பித்தது உப்பையே. அவ்வரிசைமுறையே சரியானது என்று நாம் இன்று கருதுகின்றோம்.